கலண்டர் தாளில் போன வாழ்த்து மடல்கள்

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுவினர் தொடர்புகொண்டபோது, எமது அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் வென்ற கிண்ணங்களைப் பற்றியும் எழுத என்னிலும் தகுதியானோர் பலர் இருக்கிறார்கள் என்று சொன்னேன். எனக்கு எழுத ஆசைப்பட்ட விடயம் ஒன்றுதான்: தவணை முடியும் நேரத்தில் கைப்பணிப் பாடவேளைகளில் நாம் செய்த நத்தார், புதுவருட, பொங்கல் வாழ்த்து மடல்கள். 1990களின் முற்பகுதியில் படித்தவர்கள் தலைப்பைப் பார்த்ததுமே சிரித்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும்.

அச்சிட்ட முதல் நத்தார் மடல் 1843இல் லண்டனில் வெளிவந்தது. ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹோர்ஸ்லியைக் கொண்டு வரைவித்து, ஏறத்தாழ ஆயிரம் பிரதிகள் அச்சிட்டு, நிறத்தைக் கையால் தீட்டுவித்தார். அப்போது யாழ்ப்பாணம் அச்சுக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷனரிமாரின் அச்சகம் மானிப்பாயில் இருந்தது. உதயதாரகை 1841இலேயே தொடங்கிவிட்டது. உடுவிலில் 1824 முதல் பெண்பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். வாழ்த்து மடலும் மிஷன் பாடசாலைகளின் வழியேதான் எங்களிடம் வந்திருக்க வேண்டும். சைவப் பிள்ளைகள் அதைத் தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் எடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டிலோ பொங்கலைத் தமிழர் திருநாளாகத் திராவிட இயக்கத்தார் முன்னெடுத்த காலத்தில் பொங்கல் வாழ்த்து மடல்கள் பெருகின. சிவகாசி அச்சகங்கள் கரும்பும் பானையும் சூரியனுமாக அடித்துத் தள்ளின.

கடையில் வாங்கக்கூடியதை ஏன் கையால் செய்ய வேண்டும்? 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் படித்த அக்காமார் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். எங்கள் பதில் அதிலும் கடுமையானது. 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியபின் மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. பத்திரிகைத் தாள் கிடைக்காமல் உதயன் நாளிதழே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான காலம் அது. வாழ்த்து மடலுக்கு யார் கடதாசி தருவார்?

கைப்பணி ரீச்சர் தந்த வழி பழைய கலண்டர். மடலின் பின்னணிக்கு வண்ணம் தீட்டத் தேவையில்லை, அச்சடித்த வண்ணம் ஏற்கெனவே வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்றார். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. கலண்டரில் பாதி சுவாமிப்படங்கள். சுவாமிப்படத்தில் கத்தரிக்கோல் வைக்க எந்த அம்மாவும் விடமாட்டார். ஆகவே இலட்சுமியைத் தொடாமல் இலட்சுமிக்குப் பின்னாலுள்ள வானத்தை மட்டும் வெட்டினோம். ஓரத்து முகில், தாமரைக் குளத்தின் மூலை, தோரணத்தின் ஒரு துண்டு. எங்கள் வகுப்பு மடல்கள் எல்லாவற்றிலும் ஒரே இளநீல வானம் இருந்ததற்குக் காரணம் இதுதான். நல்ல தாள்களுக்குப் போட்டியும் இருந்தது. புத்தகங்களுக்கு உறை போடவும் அதே கலண்டர்தானே வேண்டும்!

அடிமட்டைக்குச் சவர்க்காரப் பெட்டியும் சேட்டுப் பெட்டியும். பசைக்குக் கோதுமை மா இருந்தால் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் துளி மயில்துத்தம் கலப்போம். மா இல்லாத நாளில் விளாம்பிசின். அதுவும் இல்லையென்றால் சோற்றுப்பருக்கை. பசை தடித்தால் தாள் சுருங்கும். மெல்லப் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் தேய்த்து, அட்லஸ் புத்தகத்தின் கீழ் இரவு முழுவதும் வைக்க வேண்டும். வானம் காய்ந்தபின் அதன்மேல் அரசிலை. வாரக்கணக்கில் நீரில் ஊறவிட்டுச் சதை கழிந்து நரம்பு மாத்திரம் மிஞ்சிய இலை. நாற்றம் தாங்காது, ஆனால் நீலத்தின்மேல் அது ஒட்டியதும் வகுப்பே எட்டிப் பார்க்கும். சிலர் குருத்தோலையைச் சாயமிட்டுக் கீற்றாக்கிப் பொங்கல் பானை செய்தார்கள். கடித உறை, வந்த கடிதத்தின் உறையையே பிரித்து உட்புறம் வெளியே வர மடித்தது.

அனுப்புவதுதான் பெரும்பாடு. தபால் எப்போது போகும், எப்போது சேரும் என்று எவராலும் சொல்லமுடியாது. கிளாலிக் கடலைப் படகில் தாண்டி வவுனியாப் பக்கம் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். கொண்டுபோவோரின் பையில் இடம் இராது. தட்டையானது என்பதால் மடல் தப்பிப் பிழைத்தது.

ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியமான யுனிசெப்பின் முதல் வாழ்த்து மடலின் கதையைப் பின்னாளில் வாசித்தேன். யுத்தம் முடிந்த செக்கோஸ்லோவாக்கியாவில் யிட்கா சம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி நன்றி சொல்லப் படம் வரைந்தாள். கடதாசி இல்லாததால் கண்ணாடித் துண்டில் தீட்டினாள். அதுவே 1949இல் மடலாக அச்சானது. எங்கள் ரீச்சருக்கு இது தெரிந்திருந்தால் வகுப்பில் ஒரு நாள் முழுக்கச் சொல்லியிருப்பார்.

எனக்கு வந்த மடல்களை ஒரு பிஸ்கற் ரின்னில் சேர்த்திருந்தேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது ரின் வீட்டிலேயே கிடந்தது. திரும்பி வந்தபோது இல்லை. உங்களில் பலருக்கும் அப்படித்தான் போயிருக்கும். ஆகவே இன்று மிஞ்சியிருக்கக்கூடியவை கடல் தாண்டிப் போன மடல்கள் மாத்திரமே. உங்கள் வீட்டு அலுமாரியில் ஒன்று இருந்தால் இருபக்கமும் படமெடுத்துக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள்.

என்னுடையது ஒன்று ரொறன்ரோவில் இருக்கிறது. 1993 ஜூனில் அண்ணா கிளாலியால் புறப்பட்டுப் போனார். அடுத்த பொங்கலுக்கு நான் மடல் செய்தபோது வானமெல்லாம் முடிந்துவிட்டது. ஒரு வங்கிக் கலண்டரின் திகதித் தாள்தான் எனக்கு மிஞ்சியது. அதையே பின்னணியாக ஒட்டி மேலே அரசிலை வைத்தேன். பல ஆண்டுகளின் பின் அவர் வீட்டுக்குப் போனபோது அதைக் கண்ணாடிச் சட்டத்தில் கண்டேன். இலை உதிர்ந்துவிட்டது, திகதிகள் தெளிவாகத் தெரிந்தன. 1993 ஜூன். "நான் போன மாதத்தைத் தேடி எடுத்து ஒட்டியிருக்கிறாய் என்ன?" என்று அண்ணா கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.