நாயும் பீரோவும்

போன வாரம் ஆபீஸ்ல பொட்டி தட்டிக்கிட்டு இருந்தப்ப திருச்சியிலேர்ந்து அக்கா பொண்ணு போன் பண்ணினா. மூணாங்கிளாஸ் படிக்கிறா. "மாமா, சொந்தமா ஒரு கதை எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நீ சொல்லு, நான் எழுதிக்கறேன்"னு ஆரம்பிச்சா. சொந்தக் கதைன்னா நீதானடா எழுதணும்னேன். "எனக்கு காக்கா கல்லு போட்ட கதைதான் தெரியும், அது ஏற்கெனவே பாஸ் ஆயிடுச்சு"ன்னுட்டா. :-)

சிரிச்சேனே தவிர, உள்ளுக்குள்ள பழைய முள் ஒண்ணு குத்திச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க. நான் நாலாவது படிக்கும்போது "நான் சென்ற சுற்றுலா"ன்னு கட்டுரை எழுதச் சொன்னாங்க. அந்த வருஷம் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட வீட்டுல வசதி இல்ல, நான் போகல. ஆனா கட்டுரை எழுதணுமே? பஸ் கொள்ளிடம் பாலத்து மேல ஏறினதும் றெக்கை முளைச்சு பறந்துச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில குறுக்கே ஒரு கோடு போட்டு "பொய் எழுதாதே"ன்னு எழுதிக் கொடுத்தாங்க. அதோட கற்பனைக்கு மங்களம். அதுக்கப்புறம் இஞ்சினியரிங் முடிக்கிற வரைக்கும் எந்தக் கட்டுரையா இருந்தாலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நோட்ஸ்ல இருந்ததை அப்படியே வாந்தி.

நிற்க.

குழந்தை சொல்ற "பொய்"யை வாழ்நாள் பூரா சீரியஸா எடுத்துக்கிட்ட ஒருத்தர் இத்தாலியில இருந்தார். பேரு ஜான்னி ரொதாரி. 1920-ல் வட இத்தாலியில ஓர்த்தா ஏரிக்கரையில இருக்கிற ஒமேஞ்ஞாங்கிற ஊர்ல பொறந்தவர். அப்பா ரொட்டிக் கடைக்காரர், பையன் சின்ன வயசா இருக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டார். அப்ப நடந்தது முசோலினி ஆட்சி. 1930-லிருந்து ஆரம்பப் பள்ளிகளுக்கெல்லாம் அரசாங்கம் போட்ட ஒரே பாடப்புத்தகம்தான். என்ன நினைக்கணும்ங்கிறதும் அதுலயே அச்சடிச்சு வந்துடும்.

1937-38 குளிர்காலத்துல ரொதாரிக்கு 17 வயசு. ஜெர்மனியிலேர்ந்து தப்பி வந்த ஒரு யூதக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இத்தாலிய மொழி சொல்லிக் கொடுக்கிற வேலை கிடைச்சுது. இத்தாலிக்கு வந்துட்டோம், இனி பயமில்லைன்னு அந்தக் குடும்பம் நம்பிக்கிட்டு இருந்த நேரம். அங்க ஜெர்மன் கத்துக்கிட்டு நோவாலிஸ்ங்கிற கவிஞரைப் படிக்கிறார். தர்க்கத்துக்கு விதிகள் இருக்கிற மாதிரி கற்பனைக்கும் ஒரு விதிமுறை இருக்க முடியும்ங்கிற பொறி அங்கதான் விழுது. 1938-லேயே இத்தாலியும் யூதர்களுக்கு எதிரா இனச் சட்டங்களைப் போட்டது. சிறுவர் கதைக்கான ஒரு பெரிய முறையோட விதை, புகலிடம்னு நம்பின வீடும் பறிபோகப் போற ஒரு குடும்பத்தோட கூடத்துல விழுந்திருக்கு. இதைப் படிச்சப்ப எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரல.

அப்புறம் கிராமத்துப் பள்ளிகள்ல வாத்தியார். தான் ஒரு மோசமான வாத்தியாராத்தான் இருந்திருக்கணும்னு அவரே பின்னாடி ஒத்துக்கிட்டிருக்கார். ஆனா பசங்களுக்குக் கதை சொல்லி, அவங்க எங்க சிரிக்கிறாங்க, எங்க கொட்டாவி விடறாங்கன்னு கவனிச்சு ஒரு நோட்டுல குறிச்சுக்கிட்டே வந்தார். போர்ல பாசிச எதிர்ப்பு இயக்கம், போருக்கப்புறம் கம்யூனிஸ்ட் பத்திரிகையில வேலை. அங்கதான் குழந்தைகளுக்கு எழுத ஆரம்பிச்சார்.

1962-ல் "தொலைபேசிக் கதைகள்"னு ஒரு புத்தகம். மருந்து விக்க ஊர் ஊரா சுத்தற ஒரு அப்பா, தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு மகளுக்கு போன்ல கதை சொல்றார். ட்ரங்க் கால் காசு அதிகம், அதனால கதையெல்லாம் குட்டிக் குட்டி. டெலிபோன் ஆபீஸ் பொண்ணுங்க மத்த வேலையை நிறுத்திட்டு ஒட்டுக் கேப்பாங்களாம்!

1966-ல் வந்த "வானத்தில் ஒரு கேக்" ரோம் நகரத்து விளிம்புல இருக்கிற த்ருல்லோங்கிற ஏழைகள் குடியிருப்புல நடக்குது. அந்தப் பேட்டை ஸ்கூல் பசங்களோட உக்காந்து பேசிப் பேசி உருவான கதை அது. 1970-ல் சிறுவர் இலக்கியத்தோட பெரிய கௌரவமான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைச்சுது.

இதெல்லாம் அவர் ஒருத்தரே பண்ணினதில்ல. பிரான்ஸ்ல செலஸ்தின் ஃப்ரேனேன்னு ஒரு வாத்தியார் 1920-களிலேயே வகுப்புக்குள்ள சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டு வந்து, பசங்க எழுதினதையே அச்சடிச்சுப் பாடமாக்கினார். முதல் உலகப்போர்ல நுரையீரல்ல அடிபட்டவர், சத்தமா ரொம்ப நேரம் பாடம் நடத்த முடியாது. இவர் வழியில 1951-ல் இத்தாலிய ஆசிரியர்கள் ஒரு கூட்டுறவுக் கல்வி இயக்கம் ஆரம்பிச்சாங்க. அதுல ஒருத்தரான மாரியோ லோதி, பியாதெனா பக்கத்துல வோங்கிற கிராமத்துல தன் வகுப்புப் பசங்களோட சேர்ந்தே சிப்பின்னு ஒரு குருவிக் கதையை எழுதினார்.

இனி முக்கியமான ஊர், ரெஜ்ஜோ எமிலியா. 1945-ல் போர் முடிஞ்ச கையோட அதுக்குப் பக்கத்துக் கிராமத்து ஜனங்க, ஜெர்மன் படை விட்டுட்டு ஓடின ஒரு டாங்கி, சில லாரி, குதிரைகளை வித்து, அந்தக் காசுல பாலர் பள்ளி கட்டினாங்க. டாங்கியை வித்து பள்ளிக்கூடம்! லோரிஸ் மாலகுத்ஸிங்கிற இளம் வாத்தியார் சைக்கிள் மிதிச்சுப் போய் அதைப் பார்த்தார், வாழ்க்கையே அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. 1963-லிருந்து நகராட்சியே பாலர் பள்ளிகளை நடத்த ஆரம்பிச்சுது.

அந்த ஊருக்கு 1972 மார்ச் 6-லிருந்து 10 வரைக்கும் ரொதாரி வந்தார். சுமார் 50 ஆசிரியர்களோட அஞ்சு நாள் பேச்சு. மறு வருஷம் அதுவே "கற்பனையின் இலக்கணம்"னு புத்தகமாச்சு. அந்த ஊருக்கே சமர்ப்பணம்.

அதுல வர்ற வித்தைகள்ல எனக்குப் பிடிச்ச மூணு:

1. ரெண்டு சொல். ஒரு குழந்தை கரும்பலகையோட இந்தப் பக்கம் ஒரு சொல் எழுதணும். இன்னொண்ணு அந்தப் பக்கம், பார்க்காம. திருப்பினா "நாய்", "பீரோ". நாயும் பூனையும்னா கதை நகராது, ரெண்டும் ஏற்கெனவே அக்கம்பக்கத்து வீடு. சம்பந்தமில்லாத ரெண்டை மோத விடணும். இத்தாலிய மொழியில நடுவுல ஒரு முன்னிடைச்சொல்லை மாத்தி மாத்திப் போட்டுப் பார்ப்பாங்க.

நமக்கு அந்தக் கவலையே இல்ல மக்களே, வேற்றுமை உருபு இருக்கு! பீரோவைத் தூக்கும் நாய். நாயால் கெட்ட பீரோ. பீரோவோடு வாக்கிங் போகும் நாய். நாய்க்கு ஒரு பீரோ. பீரோவிலிருந்து குரைக்கும் நாய். நாயினது பீரோ. பீரோவின்கண் நாய். கடைசியா எட்டாம் வேற்றுமை, "பீரோவே!"ன்னு நாய் கூப்பிடுது. பரீட்சைக்குப் பயந்து உருப்போட்ட ஐ, ஆல், கு எல்லாம் கதை பண்ற மிஷின்னு யாராவது அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?

2. தப்பு. ஒரு குழந்தை லாப்லாந்து நாட்டோட இத்தாலியப் பேர்ல ஒரு எழுத்தை மாத்தி எழுதினா "ராஸ்பெரி நாடு"ன்னு ஆயிடுது. அடிச்சுத் திருத்தறதுக்கு முன்னாடி அந்த நாட்டுக்கு ஒரு நடை போயிட்டு வரலாமேங்கிறார் ரொதாரி. "அம்மா கரி சமைத்தாள்"னு எழுதற நம்ம பையனை நினைச்சுக்குங்க. கரின்னா அடுப்புக் கரியும்தான், யானையும்தான். அம்மா யானையைச் சமைச்சா அந்த வீட்டுல குக்கர் எவ்வளவு பெருசு? றகரத்தைத் திருத்தத்தான் வேணும். ஆனா சிரிச்சு முடிச்சுட்டுத் திருத்தலாம்.

3. சீட்டு. ரஷ்யாவுல விளாதிமிர் ப்ராப் 1928-ல் மாயக்கதைகளைப் பிரிச்சு மேஞ்சு 31 "ஃபங்ஷன்"கள் கண்டுபிடிச்சார். (பொட்டி தட்டறவனுக்கு அந்த வார்த்தையைப் பார்த்ததுமே சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷம்.) தடை, மீறல், புறப்பாடு, மாயப்பொருள்னு போகும். ரெஜ்ஜோவுல அதை 20 ஆக்கி, படம் போட்ட சீட்டா பண்ணி, கலைச்சு எடுத்துக் கதை சொல்ல வெச்சாங்க.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்? எல்லாரையும் எழுத்தாளர் ஆக்கறதுக்கு இல்ல. ஒரே பாடப்புத்தகத்துல வளர்ந்த தலைமுறை அவர். "இப்படி இல்லாம வேற மாதிரி இருந்தா?"ன்னு கேக்கத் தெரிஞ்சவனை அடிமையாக்கறது கஷ்டம்னு அவருக்குத் தெரியும். 1980-ல் ரொதாரி இறந்தார். 1991-ல் நியூஸ்வீக் பத்திரிகை உலகத்தோட சிறந்த பள்ளிகள்னு போட்ட பட்டியல்ல ரெஜ்ஜோவோட தியானா பாலர் பள்ளியும் இருந்துச்சு.

சரி, நம்ம கதைக்கு வருவோம். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நானே போன் பண்ணினேன். அவளை ஒரு சொல் சொல்லச் சொன்னேன். "லிஃப்ட்"ன்னா. சமையல்கட்டுல இருந்த எங்கம்மாகிட்ட, காரணம் சொல்லாம, ஒரு சொல் கேட்டேன். "இட்லி". முதல்ல அஞ்சு நிமிஷம் ஒண்ணும் வரல. "தப்பா சொன்னா?"ன்னு மூணு தடவை கேட்டா. அந்தக் கேள்விதான் எனக்கு வலிச்சுது. எட்டு வயசுலயே சிவப்பு மைக்குப் பயம்.

உருபு போட்டுப் பாருன்னேன். லிஃப்ட்டுல இட்லி... லிஃப்ட்டோட இட்லி... "மாமா, லிஃப்ட்டுக்கு இட்லி!" பிடிச்சுக்கிட்டா. அந்த லிஃப்ட்டுக்குப் பசியாம். ஒவ்வொரு மாடியிலயும் ஒரு இட்லி குடுத்தாத்தான் ஏறுமாம். ஒருநாள் எல்லார் வீட்டுலயும் உப்புமா. கோவிச்சுக்கிட்டு நின்னுடுச்சு. "அதனாலதான் நாலாவது மாடிப் பாட்டி ஒரு மாசமா கீழ வரல. நாளைக்கு நான் போய் ரெண்டு இட்லி வெக்கப் போறேன்."

அக்காகிட்ட கேட்டேன். லிஃப்ட் ரிப்பேராகி நிஜமாவே ஒரு மாசம் ஆச்சாம். அந்தப் பாட்டியை யாரும் எட்டிப் பார்க்கலையாம். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் டப்பாவுல இட்லி எடுத்துக்கிட்டுப் படியேறிப் போயிருக்காங்க.

இதைத்தான் எங்க டீச்சர் பொய்னு சொன்னாங்க.

உங்க வீட்டு வாண்டுங்ககிட்டயும் இன்னிக்கு ரெண்டு சொல் கேட்டுப் பாருங்க. என்ன கதை வந்துச்சுன்னு பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க. காக்கா கல்லு போட்ட கதை மட்டும் வேணாம், அது ஏற்கெனவே பாஸ். :-)