விலக்கப்பட்ட வாரிசுகள்: நெய்யாற்றின்கரை–பாறசாலை எல்லையில் சொத்துரிமையின் மூன்று காலங்கள்

பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1 வரை இந்த எல்லை இல்லை. அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் குமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. இந்த நிலப்பகுதியில் குடும்பச் சொத்திலிருந்து முதலில் மகனும், பிறகு மகளும் விலக்கப்பட்டார்கள். இன்று உயில் எழுதுபவரின் விருப்பப்படி யாரும் விலக்கப்படலாம். இம்மூன்று காலங்களிலும் பறிபோனது பெற்ற பிள்ளையின் பங்குதான் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மகன் வெளியே நின்ற காலம்

மருமக்கள்வழியில் தகப்பனின் சொத்து அவருடைய சகோதரியின் மக்களுக்குப் போகும். அரியணைக்கும் இதுவே நியதி. 1729இல் இப்பகுதியை ஆண்ட ராமவர்மா மறைந்தபோது மருமகன் மார்த்தாண்டவர்மா பட்டத்துக்கு வந்தார். ராமவர்மாவின் மக்களான தம்பிமார் உரிமை கோரி எதிர்த்தார்கள். அந்தப் பூசலில் மார்த்தாண்டவர்மா ஒளிந்துகொண்டதாக மரபு சொல்லும் ‘அம்மச்சிப் பிலாவு’ நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில்தான் இருக்கிறது.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடமும் இந்த முறை இருந்தது. மகனுக்குக் கிடைத்தது ‘உகந்துடைமை’ என்ற சிறு பங்கு. இதனால் தாயும் பிள்ளைகளும் பட்ட பாட்டைக் கவிமணியின் ‘மருமக்கள்வழி மான்மியம்’ 1917–18இல் ‘தமிழன்’ இதழில் பாடிக் காட்டியது. சட்டம் மெல்ல வழிவிட்டது. 1912ஆம் ஆண்டின் நாயர் சட்டம், ஒருவர் தானே ஈட்டிய சொத்தில் பாதியை மனைவி மக்களுக்குத் தந்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டம் தறவாட்டை, அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தின் சொத்தை, பிரித்துக்கொள்ள அனுமதித்தது. அடுத்த ஆண்டு நாஞ்சில் வேளாளருக்கும் சட்டம் வந்தது.

மகள் வெளியே நின்ற காலம்

இந்துக் குடும்பங்களில் மகனுக்குக் கதவு திறந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், கிறிஸ்தவ மகளுக்குக் கதவு சாத்தப்பட்டது. கொல்லம் 1092இல் (1916) வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம், அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான். சீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாலோ அதுவும் கிடையாது. விதவைக்கு வாழ்நாள் உரிமை மட்டுமே. மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும்.

எல்லைக் கிராமங்களைப் பொறுத்தவரை இச்சட்டத்தின் உயிர்நிலை அதன் 30ஆம் பிரிவில் இருக்கிறது. கருநாகப்பள்ளி, கொல்லம், சிறயின்கீழ், திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை முதலிய வட்டங்களில் வாழ்ந்த லத்தீன் கத்தோலிக்கரிலும் புராட்டஸ்டன்டுகளிலும் சில பிரிவினரிடம், ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் இருப்பதை அது ஒப்புக்கொண்டு, அவர்களுக்கு விலக்கு அளித்தது. அண்ணனுக்கும் தங்கைக்கும் சம பங்கு என்பது இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்த புதுமை அன்று. இங்கே வாழ்ந்த வழக்கம். அதைப் பொது விதியாக்க வாய்ப்பிருந்தும் சட்டம் அதை விதிவிலக்காகவே எழுதி வைத்தது. பெண்களுக்கு இழைத்த பெரும் அநீதி அது.

எல்லை பிரிந்த பின்பும் பழைய சட்டம் இரு பக்கமும் நடைமுறையில் தொடர்ந்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1951லேயே அதன் இடத்தைப் பிடித்துவிட்டது என்று சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒருவர் குமரி மாவட்ட வழக்கில் தீர்ப்பளித்தார். பின்னர் இரு நீதிபதிகள் அமர்வு அதை மறுத்தது. பழைய சட்டத்தை எதிர்த்து மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986 பிப்ரவரி 24 அன்று தனி நீதிபதியின் கருத்தையே ஏற்றது. 1951 ஏப்ரல் 1 முதல் பழைய சட்டம் செல்லாது. மகனும் மகளும் சமம். ஆனால் அந்தப் பாகுபாடு சமத்துவ உரிமைக்கு விரோதமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. பழைய சட்டம் ரத்தாகிவிட்டது என்ற காரணமே போதும் என்றது.

ஒசியத்தின் காலம்

சம பங்கு என்பது ஒசியத்து, அதாவது உயில், இல்லாதபோது மட்டும்தான். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, சித்த சுவாதீனமுள்ள, வயதுவந்த எவரும் தம் சொத்தை விரும்பியவருக்கு எழுதிவைக்க இடம் தருகிறது. இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956, இந்துக்களுக்கும் அந்த வாய்ப்பைத் தருகிறது. ஆகவே 1986க்குப் பிறகும் மகளை விலக்க வழி இருக்கிறது. தகப்பன் உயிரோடிருக்கும்போது மகன் பேருக்கு ஒசியத்தோ, இஷ்டதானம் என்ற கொடைப் பத்திரமோ எழுதலாம். அவர் காலத்துக்குப் பிறகு சகோதரிகளிடம் ஒழிமுறியில், அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்து வாங்கலாம்.

கிறிஸ்தவ உயிலுக்கு இருந்த ஒரு தடை 118ஆம் பிரிவு. நெருங்கிய உறவினர் இருக்கையில் தர்மத்துக்குச் சொத்து எழுதினால், அந்த உயில் இறப்புக்கு ஓராண்டு முன்பாவது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றது அது. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் அந்தத் தடை ஏன் என்று கேட்டு, 2003இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. முஸ்லிம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கோவாவின் சிவில் சட்டத்தில் பாதிச் சொத்து பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நெய்யாற்றின்கரையின் இந்து, கிறிஸ்தவ மகளுக்கு அப்படி ஒரு காப்பு இல்லை.

முடிவு

மூன்று காலங்களிலும் பெற்றவரின் பாசத்தை யாரும் மறுக்கவில்லை. பாசத்தைப் பங்காக மாற்றும் விதி மட்டும் இல்லாமல் இருந்தது. 1916இல் சட்டமே ஒப்புக்கொண்ட சம பங்கு வழக்கத்தை இனி உயிலாலும் முழுதாக அழிக்க முடியாதபடி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறைந்தபட்சப் பங்கைச் சட்டம் ஒதுக்க வேண்டும். ஒழிமுறி பதிவாகும் முன் பதிவாளர் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, அவள் எதை விட்டுக்கொடுக்கிறாள், அதன் மதிப்பு எவ்வளவு என்று சொல்லிக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் அவள் மனமுவந்து கொடுத்தால், அது அவள் கொடை.