காலணியைத் தைத்தவர் யார்?



யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில்தான் பேதுரு தங்கினார் என்று திருத்தூதர் பணிகள் கூறுகிறது. யூதர் தீட்டென்று ஒதுக்கிய தொழில் அது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மக்களாகிய நமக்கு அந்த வீட்டின் வாசனை தெரியும்.

தோலுக்கு நம் பாலாறும் விலை கொடுத்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் 2015 சனவரியில் இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர்.

மெக்சிகோவின் ஏழைக் காப்பி விவசாயிகளோடு வாழ்ந்தவர் அருள்பணியாளர் பிரான்ஸ் வான் டெர் ஹாஃப். அவர்கள் கேட்டது தருமமல்ல, நியாய விலை. 1988இல் அவரும் நண்பர் நீக்கோ ரோசனும் நெதர்லாந்தில் அந்தக் காப்பிக்கு நியாய வணிக முத்திரை பெற்றுத் தந்தனர். முத்திரையைப் பார்த்து வாங்கியவர்கள் சாதாரணக் குடும்பத்தினரே.

நம் தெருக்களில் பெண்கள் காலணியின் மேல்பாகத்தை வீட்டிலேயே கையால் தைக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளி திறக்கும் சூன் மாதம் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கும்போது பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். தைத்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டிருக்கிறோமா? கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். கேட்பவர் பெருகினால் அவரும் தமக்குச் சரக்கு தருபவரைக் கேட்பார்.

பிடித்து வைத்த கூலி கடவுளிடம் முறையிடுகிறது என்று யாக்கோபு எச்சரிக்கிறார். மாணவர்களே, பெற்றோரே, இவ்வாண்டு கடையில் அந்த ஒரு கேள்வியைக் கேட்போம். ஆமென்.