சொந்தக் குரல் இல்லாத யந்திரம்

'ஒலிபெருக்கி' என்ற பெயரை நாம் தகுதியில்லாத ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்பது என் அபிப்பிராயம். கல்யாணப் பந்தலிலும் கோயில் மதிலிலும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறதே ஒரு புனல், அதற்கு இந்தப் பெயர். உண்மையில் அது எதையும் பெருக்குவதில்லை. தனக்கு வந்து சேரும் மின்சாரத்தை அசைவாக மாற்றிக் காற்றில் விடுகிறது, அவ்வளவுதான். பெருக்குகிற வேலை முழுவதும் எங்கேயோ ஒரு மேஜைக்கடியில், யார் கண்ணிலும் படாமல், சூடேறி உட்கார்ந்திருக்கும் ஆம்ப்ளிபயருடையது. உழைப்பவன் ஒருவன், பேர் வாங்குகிறவன் ஒருவன் என்பது மனிதர்களிடையே மட்டும் உள்ள வழக்கம் அல்ல போலிருக்கிறது.

அப்படிப்பட்ட உழைப்பாளி ஒன்று இப்போது என்னிடம் விலைக்கு வந்திருக்கிறது. ஹெரால்டு லீக் என்பவருடைய லண்டன் கம்பெனி 1958-ஆம் வருஷம் வெளியிட்ட 'ஸ்டீரியோ 20'. நாலு பவர் வால்வுகள், மூன்று சின்ன வால்வுகள், ஒரு ரெக்டிபயர் வால்வு, கனமான இரும்பு டிரான்ஸ்பார்மர்கள். பக்கத்துக்குப் பத்து வாட் சொச்சம். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதில் ஒரு திருகுகூடக் கிடையாது. அதற்கெல்லாம் முன்னால் வேறொரு பெட்டி வேண்டும். இது பின்னால் நின்று பாரம் சுமக்கிற ரகம்.

விற்கிறவர் இரண்டு வாக்கியங்கள் சொன்னார். "பழைய வால்வு செட்டின் இனிமை இந்தக் காலத்துப் பெட்டியில் வராது, சார்" என்பது ஒன்று. "எங்கள் பெரியப்பா வாங்கின நாளிலிருந்து உள்ளே ஒருத்தரும் கை வைத்ததில்லை, அப்படியே ஒரிஜினல்" என்பது மற்றொன்று. விலையையும் சொன்னார். அதை இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை. இந்தப் பத்திரிகையை எங்கள் வீட்டிலும் படிக்கிறார்கள். அந்த இரண்டு வாக்கியங்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்பதற்காகத்தான் இந்த யந்திரத்தின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படிக்கலானேன்.

கதை சங்கீதத்தில் ஆரம்பிக்கவில்லை, டெலிபோனில் ஆரம்பிக்கிறது. நெடுந்தூரக் கம்பியில் குரல் போகப் போக மெலிந்துவிடும். ஆகையால் வழியில் அங்கங்கே ஆம்ப்ளிபயர் வைத்து அதற்குப் புஷ்டி கொடுக்க வேண்டும். ஆனால் ஒவ்வோர் ஆம்ப்ளிபயரும் குரலைப் பெருக்கும்போது தன் கோணலையும் கொஞ்சம் கலந்துவிடும். பல வாய் மாறிய வதந்தியைப் போல, கடைசியில் வந்து சேருவது புறப்பட்ட சங்கதியாக இராது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்த ஹெரால்டு பிளாக் என்ற இளைஞர் பல வருஷம் இதோடு மல்லுக்கு நின்றார். 1927-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ஆம் தேதி காலையில், ஹட்ஸன் நதியைப் படகில் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, விடை பளிச்சென்று தோன்றிற்று. கையில் வேறு காகிதம் இல்லை. அன்றைய 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் பக்கத்திலேயே படத்தையும் கணக்கையும் எழுதினார்.

அவருடைய யோசனை இதுதான்: வெளியே வருகிற ஒலியில் ஒரு பங்கைத் தலைகீழாகத் திருப்பி மறுபடியும் உள்ளே அனுப்பிவிடு. உள்ளே வந்ததற்கும் வெளியே போவதற்கும் எதில் வித்தியாசமோ அது தன்னைத்தானே அடித்துக்கொண்டு தேய்ந்துபோகும். பாடுகிறவர் தம்பூராவில் ஒரு காதை வைத்துக்கொண்டு, விலகிய அளவுக்குத் திருத்திக்கொண்டே பாடுவதில்லையா, அந்த மாதிரி. இதற்குக் கொடுக்கும் விலை, பெருக்கும் சக்தியில் பெரும் பகுதியை இழப்பது. கஷ்டப்பட்டுப் பெருக்கியதை வேண்டுமென்றே குறைத்துக்கொள்வதா? 1928-இல் கொடுத்த விண்ணப்பத்துக்கு 1937 டிசம்பரில்தான் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இங்கிலாந்து அதிகாரிகளோ அதை, தீனி இல்லாமல் என்றென்றைக்கும் ஓடும் யந்திரம் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் வரிசையில் வைத்துவிட்டார்களாம். பிளாக்கே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

யுத்தம் முடிந்த 1945-இல் லீக், கோணல் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்று விளம்பரம் செய்து, 'பாயிண்ட் ஒன்' என்றே தம் சரக்குக்குப் பெயர் வைத்தார். 1947-இல் 'ஒயர்லெஸ் வோர்ல்டு' பத்திரிகையின் ஏப்ரல், மே இதழ்களில், இருபத்துநாலு வயதுக்கு மேற்படாத வில்லியம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதே அளவு சுத்தமான ஆம்ப்ளிபயரின் படத்தை முழு விவரத்தோடு பிரசுரித்தார். யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். ஆசை கொண்டவர்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து கட்டினார்கள். ஆனால் ஒரு பொருளில்தான் எல்லோருக்கும் இடைஞ்சல். அதுதான் அவுட்புட் டிரான்ஸ்பார்மர்.

வால்வின் பாஷை வேறு, ஸ்பீக்கரின் பாஷை வேறு. வால்வுக்கு வோல்டேஜ் அதிகம், ஓட்டம் குறைவு. ஸ்பீக்கருக்கு நேர் மாறு. நடுவில் நின்று துபாஷி வேலை பார்ப்பது அந்த டிரான்ஸ்பார்மர். தலைமயிர் போன்ற கம்பியையும் தடித்த கம்பியையும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்ற வேண்டும். சுற்று சரியில்லையென்றால் பிளாக்கின் உபாயமே திரும்பிக் கடிக்கும். யந்திரம் தானாக ஊளையிட ஆரம்பித்துவிடும். நல்ல துபாஷி கிடைப்பது கிழக்கிந்தியக் கம்பெனி நாளிலேயே கஷ்டமாகத்தான் இருந்தது.

'ஸ்டீரியோ' என்ற பாதிக்குச் சொந்தக்காரர் ஆலன் புளூம்லீன். சினிமாவில் நடிகர் திரையின் ஒரு கோடியில் நிற்க, குரல் வேறு கோடியிலிருந்து வருவது அவருக்குப் பொறுக்கவில்லை. 1931-லேயே இரட்டைக் காது ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை கேட்டு எழுதிவிட்டார். 1942-இல், ரேடார் பரிசோதனைக்காகப் போன விமானம் விழுந்து, 38-ஆம் வயதில் இறந்தார். அவர் விவரித்த மாதிரியே ஒரே பள்ளத்தில் இரண்டு ஒலிகளைத் தாங்கிய இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1950-களின் கடைசியில். ஒரே தகட்டின்மேல் இரண்டு ஆம்ப்ளிபயர்களை லீக் கட்டியது அந்தத் தட்டுகளுக்காகத்தான்.

இப்போது விற்கிறவரின் முதல் வாக்கியத்துக்கு வருவோம். பழைய வால்வின் இனிமை! மேலே சொன்ன அத்தனை பேரும் பாடுபட்டது யந்திரத்துக்கு ஓர் இனிமை உண்டாக்குவதற்கு அல்ல. அதற்கென்று எந்தக் குரலும் இல்லாமல் செய்வதற்கு. பின்னே இந்தப் புகழ் எப்படி வந்தது? 1960-களில் முதலில் வந்த டிரான்ஸிஸ்டர் செட்டுகள் பல, மெல்லிய ஒலியில் கரகரத்தன. லீக் கம்பெனியே 1963-இல் டிரான்ஸிஸ்டருக்கு மாறிற்று. 1969-இல் கம்பெனியே ராங்க் ஸ்தாபனத்துக்குக் கை மாறிற்று. கரகரப்பைக் கேட்ட காது பழையதை நினைத்து ஏங்கியதில் வியப்பில்லை. இன்றைய நல்ல பெட்டிகளில் அந்தக் கரகரப்பு இல்லை. ஆகவே, ஒழுங்காக இருக்கும் ஸ்டீரியோ 20-க்கும் இன்றைய நல்ல பெட்டிக்கும், அடக்கமாகப் பாடும் வரையில், பெரிய பேதம் இருக்க நியாயமில்லை. தனியாக ஓர் 'இனிமை' கேட்கிறதென்றால் உள்ளே ஏதோ வியாதி என்று சந்தேகிக்க வேண்டும்.

அந்தச் சந்தேகம் நேரே இரண்டாவது வாக்கியத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஒருத்தரும் கை வைக்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொன்னார். எனக்கோ வயிற்றைக் கலக்கிற்று. வால்வுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் கண்டென்ஸர், ஒலியை விட்டுவிட்டு வோல்டேஜைத் தடுக்கும் வாசற்காவலன். அறுபது வருஷத்துக்குமேல் ஆன காவலன் கசிய ஆரம்பித்தால், பவர் வால்வின் கிரிட்டில் வேண்டாத வோல்டேஜ் ஏறும். வால்வு அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கும். அதன் தகடு சிவக்கும். கடைசியில் துபாஷியின் மெல்லிய கம்பி கருகிப்போகும். வால்வு போனால் வேறு வாங்கலாம். ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்றும் செய்கிறார்கள். கண்டென்ஸர் சில்லறைச் செலவு. 1958-இல் லீக் பட்டறையின் இரும்பிலும் கம்பியிலும் உருவான அந்த டிரான்ஸ்பார்மருக்கு மாற்று அவ்வளவு சுலபமில்லை. நம் ஓலைச்சுவடிகளிலும் பிழைத்தவை, ஒரு தலைமுறை தொட்டுத் திரும்ப எழுதியவைதானே? தொடாமல் பரணில் வைத்தது செல்லுக்குப் போயிற்று.

வாங்குவதென்றே தீர்மானித்துவிட்டேன். ஆனால் இரும்புக்கு மட்டுந்தான் விலை. முல்லார்டு வால்வுகளுக்கென்று அவர் தனியாகப் போட்டிருக்கும் தொகையை அடித்துவிடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, வால்வு ரேடியோ காலத்திலிருந்து இந்த வேலை செய்கிற மெக்கானிக் ஒருவர் மீட்டரோடு என்கூட வருகிறார். டிரான்ஸ்பார்மர்களின் சுற்று அறுபடாமல் இருந்தால் பணம் கைமாறும். கண்டென்ஸர்களை அவர் மாற்றிய பிறகே பிளக்கைச் சொருகுவது. இதைக் கேட்டதும் விற்கிறவருக்கு மனத்தாங்கல்.

"பாட்டுப் போட்டுக் காட்டுகிறேன் என்கிறேன், கேட்காமலா வாங்குவீர்கள், சார்?" என்றார்.

"ஞாயிறு வரையில் சுவிட்சைத் தொடாமல் இருந்தால் போதும்" என்றேன்.