பொய்யே பேசிய மன்னன்

பல்லாவரத்தை அடுத்த பம்மல், 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியில் இன்று அடங்கிவிட்டதாயினும், அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து நாடக உலகெங்கும் பிரசித்தமாக்கிய சம்பந்த முதலியாரை (1873–1964) விட்டுவிட்டு அதன் சரித்திரத்தைப் பேசுதல் இயலாது. 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தவரும், நியாயாதிபதியாக உத்தியோகம் வகித்தவரும், தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றியவருமான அப்பெரியார், 'சந்திரஹரி' என்னும் பரிகாச நாடகமொன்றையும் நமக்கு அளித்துச் சென்றிருக்கிறார்.

அக்காலத்தில் அரிச்சந்திரன் கதையை அறியாதார் தமிழ்நாட்டில் அரியர். விசுவாமித்திரரின் சபதம், ராஜ்ய நஷ்டம், மனைவியை விற்றல், பாம்பு தீண்டி மாண்ட லோகிதாசனைச் சுமந்து வரும் சந்திரமதியிடம் மயானங்காக்கும் கணவனே கால் பணமும் முழத்துண்டும் கேட்டு நிற்றல் என, இன்னதன்பின் இன்னது வரும் என்பதை விடிய விடியக் கூத்துப் பார்த்த சிறுவனும் பிசகாமல் சொல்லிவிடுவான். அவ்விதம் ஊருக்கே மனப்பாடமாகிவிட்ட கதையின் அஸ்திவாரத்தையே முதலியார் தலைகீழாக்கினார். அரிச்சந்திரன் உயிரே போயினும் பொய் சொல்லாதவன், சந்திரஹரியோ என்ன நேரினும் மெய் சொல்லாதவன். அரிச்சந்திரன் சரிதத்தையும் சிரத்தையோடு நாடகமாக்கிய அதே கைதான் இதையும் எழுதியது. 1941-ல் என். எஸ். கிருஷ்ணன் நடிக்க, இது திரைப்படமாகவும் வெளிவந்தது.

எல்லோருக்கும் மனப்பாடமானதே தலைகீழாக்கிப் பரிகசிக்க ஏற்றது என்னும் இந்த நியாயமே நம் காலத்து வீடியோ கேமுக்கும் பொருந்தக் காண்கிறோம். 1986-ல் ஜப்பானில் தோன்றிய 'டிராகன் குவெஸ்ட்' வழிவந்த ஆட்டங்களில், உலகை ரட்சிக்கப் புறப்பட்ட வீரன் அயலார் வீட்டினுள் கேட்பாரின்றி நுழைந்து பெட்டியைத் திறப்பதும், வழியிற்கண்ட பிராணிகளையெல்லாம் வதைத்துப் பலம் பெறுவதும் சம்பிரதாயமாகிவிட்டன. 1997-ல் வந்த 'மூன்' என்னும் ஜப்பானிய ஆட்டம், அத்தகைய வீரனால் மாண்ட பிராணிகளின் ஆன்மாக்களைக் கடைத்தேற்றும் பொறுப்பை ஆடுபவனிடம் ஒப்படைத்தது. 2002-ல் வந்த 'புரோகிரஸ் குவெஸ்ட்' என்பதோ, ஆடுபவனுக்கு யாதொரு வேலையும் வையாமல், தானே போரிட்டுத் தானே பொருள் சேர்த்து, கணக்கை மட்டும் திரையில் காட்டிக்கொண்டிருந்தது.

ஒரு சம்பிரதாயத்தை நையாண்டி செய்ய விரும்புவோன், அதன் பக்தர்களினும் நுணுக்கமாக அதைக் கற்றிருத்தல் வேண்டும். இக்காலத்தில் ஆட்டங்களை இயற்ற முற்படும் நம் இளைஞர்கள், அந்நியதேசத்து மாதிரிகளைத் தேடுமுன், பம்மலார் எழுதிய சந்திரஹரியை ஒருமுறை படித்துப் பார்ப்பார்களாக.