சுவரின் கறையும் நெப்போலியனின் சட்டமும்

பாரிஸில் வீடு வாடகைக்கு எடுத்த நம்மவர் எவரைக் கேட்டாலும் 'எத்தா தே லியூ' என்ற பிரெஞ்சுச் சொற்றொடரை அறிந்திருப்பார். சாவி கைமாறும் நாளில் வீட்டுச் சொந்தக்காரரும் குடிவருபவரும் அறை அறையாகச் சென்று, சுவர், தரை, யன்னல், தண்ணீர்க் குழாய் ஒவ்வொன்றும் எந்நிலையில் உள்ளதென எழுதி ஒப்பமிடும் பத்திரம் அது. எண்பதுகளில் அகதிகளாகச் சென்ற சிலர், மொழி விளங்காமலே அதில் ஒப்பமிட்டதாக என்னிடம் கூறியதுண்டு. தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்ததே பெரும்பாடு. சுவரில் கறை இருக்கிறதென்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? வீட்டை விட்டுப் புறப்படும் நாளில்தான் அந்தக் கறைக்கு விலை வந்தது. கட்டிய வைப்புப் பணத்தில் அது கழிக்கப்பட்டது.

இதன் வேர் நெப்போலியன் காலத்தில் இருக்கிறது. 1800 இல் அவர் நியமித்த த்ரோன்ஷே, போர்த்தாலிஸ், பிகோ த பிரேயாமெனு, மால்வில் ஆகிய நான்கு சட்டவறிஞர்கள் வரைந்த குடியியற் சட்டக்கோவை 1804 மார்ச் 21 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 1730 ஆம் பிரிவு, நிலைமைப் பத்திரம் எழுதப்பட்டிருந்தால் அதன்படியே வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது. பழமையால் அழிந்ததற்கும் தடுக்கவியலாத நிகழ்வால் அழிந்ததற்கும் விலக்கு உண்டு. அடுத்த பிரிவுதான் கூர்மையானது. பத்திரம் இல்லையென்றால், குடியிருப்பவர் தாம் கவனிக்க வேண்டிய சிறு திருத்தங்களைப் பொறுத்தவரை வீட்டை நல்ல நிலையிலேயே பெற்றதாகக் கொள்ளப்படுவார். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. அதாவது எழுதாத கறை அவருடைய கறை. சொத்துடையவர்கள் ஆண்ட காலத்துச் சட்டம் வேறெப்படி இருந்திருக்கும்?

இச்சட்டக்கோவை தமிழ் மண்ணுக்கும் வந்தது. 1819 இல் புதுச்சேரியும் காரைக்காலும் உள்ளிட்ட பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் அது பிரகடனப்படுத்தப்பட்டது. இலங்கையில் நமக்கு வாய்த்தது உரோமன் டச்சுச் சட்டம். பின்னர் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம், குடியிருப்பவரின் செயலாலோ அசட்டையாலோ வீட்டின் நிலை கெட்டிருப்பதை அவரை வெளியேற்ற வழக்காடுவதற்கான காரணங்களுள் ஒன்றாக வைத்தது. கெட்டது என்றால், முன்னர் எப்படி இருந்தது என்ற கேள்வி எழும். கொழும்பில் நானறிந்த வாடகை ஒப்பந்தங்களில் இதற்கென இருப்பது 'நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது' என்ற ஒற்றை வரியே.

பிரான்சில் 1731 ஆம் பிரிவு இன்றும் உயிருடன் இருக்கிறது; ஆனால் அதன் முனை மழுங்கியுள்ளது. வாடகை உறவுகள் பற்றிய 1989 யூலை 6 ஆம் திகதிச் சட்டத்தின்படி, பத்திரம் எழுதுவதற்குத் தடையாக இருந்தவர் அந்த அனுமானத்தைத் தமக்குச் சாதகமாகக் காட்ட முடியாது. வெற்று வீட்டுக்கான வைப்புப் பணம் 2008 இல் இரண்டு மாத வாடகையிலிருந்து ஒரு மாதமாகக் குறைக்கப்பட்டது. 2014 இன் திருத்தம், விடுபட்ட குறைகளைச் சேர்க்கும்படி கேட்கப் பத்து நாள் அவகாசம் கொடுத்தது. புகும்போதும் விடும்போதும் எழுதும் பத்திரங்களை எளிதில் ஒப்பிடக்கூடிய வடிவத்தை 2016 இன் ஆணை வகுத்தது.

வெப்பமூட்டும் கருவிகளுக்குத் தனிச் சலுகையும் உண்டு. கோடையில் குடிபுகுபவர் அவை இயங்குமா என்று எப்படி அறிவார்? ஆகவே குளிர்காலத்தில் அவற்றை இயக்கத் தொடங்கும் முதல் மாதத்திலும் பத்திரத்தில் அவற்றின் நிலையைச் சேர்க்கும்படி கேட்கலாம்.