சரிபார்ப்பு பிட் ரவுட்டருக்குள் வந்த கதை

1947. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிலேக்களால் ஆன ஒரு கணக்கிடும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கணிதரான ரிச்சர்ட் ஹாமிங்குக்கு அது வார இறுதியில்தான் கிடைக்கும். கணக்கில் பிழை நேர்ந்தால் இயந்திரம் தானே கண்டுகொள்ளும். வார நாளாக இருந்தால் நின்று ஊழியரைக் கூப்பிடும். சனி, ஞாயிறு என்றால் கூப்பிட ஆள் இல்லை. கையிலிருந்த கணக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளும். தொடர்ந்து இரண்டு திங்கட்கிழமைகள் வந்து பார்த்த ஹாமிங்குக்கு விடை கிடைக்கவில்லை. பிழை இருப்பதை அறிகிற இயந்திரத்துக்கு அது எந்த இடத்தில் என்று ஏன் தெரியக்கூடாது? இந்த ஆத்திரத்தில்தான் சரிபார்ப்பு பிட் மறுபிறவி எடுத்தது.

அதுவரை பாரிட்டி எனப்படும் இந்தச் சரிபார்ப்பு பிட்டுக்கு ஒரே வேலை: சொல்லில் உள்ள 1களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக வைத்திருப்பது. எண்ணிக்கை ஒற்றைப்படை ஆனால் ஏதோ ஒரு பிட் மாறிவிட்டது என்று பொருள். எது என்று சொல்லத் தெரியாது. ஹாமிங் ஒன்றுக்கு மூன்றாக வைத்தார். ஏழு இடங்களில் 1, 2, 4 சரிபார்ப்புக்கு. மற்ற நான்கும் தரவுக்கு. முதலாவது 1, 3, 5, 7ஆம் இடங்களைக் கவனிக்கும்; இரண்டாவது 2, 3, 6, 7ஐ; மூன்றாவது 4, 5, 6, 7ஐ. ஐந்தாம் இடம் கெட்டால் முதலாவதும் மூன்றாவதும் புகார் சொல்லும். அவை இருக்கும் இடங்கள் 1, 4. கூட்டினால் 5. பிட்டுக்கு இரண்டே நிலை என்பதால் இடம் தெரிந்தாலே போதும், திருப்பிப் போட்டுவிடலாம். இதைவிட அழகான கூட்டல் எனக்குத் தெரியாது. காப்புரிமைக்காகக் காத்திருந்ததால் ஹாமிங்கின் கட்டுரை 1950 ஏப்ரலில்தான் அச்சானது. அதற்கு முன்பே, 1948இல், ஹாமிங்கின் சக ஆய்வாளர் ஷானன் தகவல்தொடர்பு பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையில் இந்தக் குறிமுறையை எடுத்துக்காட்டாகக் கொடுத்திருந்தார்.

1961இல் லாஸ் அலமாஸுக்குப் போன ஐபிஎம் ஸ்ட்ரெட்ச் கணினியில் 64 பிட் தரவுக்கு 8 சரிபார்ப்பு பிட்டுகள் இருந்தன: ஒரு பிழையைத் திருத்த, இரண்டைக் கண்டுபிடிக்க. பிறகு நினைவகம் சிலிக்கான் சில்லுக்கு மாறியபோது எதிரிகளும் மாறினார்கள். சில்லின் உறையில் கலந்திருந்த யுரேனிய, தோரியத் துணுக்குகளின் ஆல்ஃபா துகள்கள் பிட்டைப் புரட்டுகின்றன என்று இன்டெல்லின் டிமோத்தி மேவும் மர்ரே வுட்ஸும் காட்டினார்கள். 1979இல் ஐபிஎம்மின் ஸீக்லரும் யேல் பல்கலைக்கழகத்தின் லான்ஃபோர்டும் காஸ்மிக் கதிரைச் சுட்டினார்கள். சில்லுக்குச் சேதமில்லை, எழுதியிருந்தது மட்டும் மாறிவிடும்.

இத்தனை காலமும் சரிபார்ப்பு பிட் ஒரே நம்பிக்கையில் வாழ்ந்தது: நினைவகத்தில் இருக்கும் சொல்லை யாராவது படிப்பார்கள், படிக்கும்போது சோதித்துக்கொள்ளலாம். இணையப் பாக்கெட்டுகளுக்கு வழி காட்டும் ரவுட்டருக்குள் இருக்கும் டிகேம் நினைவகத்தில் இந்த நம்பிக்கை பலிக்கவில்லை.

டிகேமிடம் முகவரியைக் கொடுத்துத் தரவைக் கேட்பதில்லை. பாக்கெட்டின் ஐபி முகவரியைக் கொடுத்தால், லட்சக்கணக்கான வரிகளை ஒரே நேரத்தில் ஒப்பிட்டு, பொருந்துகிற வரியின் எண்ணைச் சொல்லும். ஒவ்வொரு இடத்திலும் 0, 1, அல்லது எதுவானாலும் சரி என்னும் X இருக்கலாம். முகவரியின் முதல் 24 பிட்டை மட்டும் முன்னொட்டாகக் கொண்ட பாதை என்றால் கடைசி 8 இடங்களும் X. அந்த ஒரு வரியே 256 முகவரிகளுக்குப் பொருந்தும். இந்த ஒப்பீட்டில் எந்தச் சொல்லும் வெளியே வருவதில்லை. சரிபார்ப்பு பிட்டுக்குச் சோதிக்க எதுவும் கைக்கு எட்டாது.

பிழையின் சுபாவமும் இங்கே வேறு. மூன்று நிலையைக் குறிக்க ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பிட் வேண்டும். வழக்கமான ஓர் ஏற்பாட்டில் 0க்கு 01, 1க்கு 10, Xக்கு 00; 11 எதற்கும் பொருந்தாது. ஆகவே ஒரு பிட் புரண்டால் 0 ஒருபோதும் 1 ஆகாது. X ஆகிவிடும், அல்லது வரியே செத்துப்போகும். X ஆனால் அந்தப் பாதை அடுத்தவர் முகவரிகளையும் இழுத்துக்கொள்ளும். மேலே சொன்ன பாதையில் ஒரு X, 0 ஆகிவிட்டால் 256இல் 128 முகவரிகள் கழன்றுவிடும். அவற்றின் பாக்கெட்டுகள் இதைவிடக் குட்டையான ஏதோ ஒரு முன்னொட்டில் பொருந்தி வேறு வழியில் போகும். ரவுட்டர் நிற்காது, அலாரமும் அடிக்காது. வலையமைப்பில் இந்த மௌனப் பிழைதான் ஆகக் கொடியது என்பேன். நின்றுபோன ரவுட்டரை எவரும் கவனித்துவிடுவார்கள்.

ஒரு பிட் பொருந்தாவிட்டாலும் பொருத்தம் என்று ஏற்கலாமே? டொரோன்டோ பல்கலைக்கழகத்தின் பகியாம்ட்சிஸ், அஸீஸி, நஜ்ம் மூவரும் 2006இல் இப்படி ஒரு வழி சொன்னார்கள். தேடும் சொல்லுக்கும் சேமித்த சொல்லுக்கும் ஒரே சரிபார்ப்பு பிட்டுகளைச் சேர்த்துவிட்டு, சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்வது. X இல்லாத இருநிலை நினைவகத்துக்கு இது இயல்பாகப் பொருந்தும். X வந்ததும் சிக்கல்: எந்த வரி எந்த இடங்களை மறைத்திருக்கிறது என்று தேடும் சொல்லுக்குத் தெரியாது, அதனால் எல்லா வரிக்கும் பொதுவான பாரிட்டியைக் கணக்கிட முடியாது.

ஆகவே நடைமுறையில் சரிபார்ப்பு பிட் ரோந்துக் காவலராகிவிட்டது. தேடல்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் ஒவ்வொரு வரியாகப் படித்து பாரிட்டியைச் சோதிப்பார்கள். அதே அட்டவணையின் நகல் மென்பொருளிடம், சாதாரண நினைவகத்தில் இருக்கும். கெட்ட வரியின் சரியான வடிவத்தை அதிலிருந்து எடுத்து மறுபடி எழுதிவிடுவார்கள். திருத்தும் வேலை நகலுக்குப் போய்விட்டதால், டிகேமில் பல நேரம் கண்டுபிடிக்க மட்டும் தெரிந்த அந்தப் பழைய ஒற்றை பாரிட்டியே போதுமானதாகிவிடுகிறது.

ஆனால் ரோந்து திரும்பி வரும்வரை கெட்ட வரி வேலை செய்துகொண்டே இருக்கும். மைக்ரோ விநாடிக்கு ஒரு வரி என்று வைத்தால் 5 லட்சம் வரிகளைச் சுற்றிவர அரை விநாடி. 10 கிகாபிட் இணைப்பு ஒன்றில் அந்த நேரத்துக்குள் மிகச் சிறிய பாக்கெட்டுகள் 74 லட்சம் கடந்துவிடும்.

வரியைச் சரிசெய்ததும் ரவுட்டர் தன் பதிவேட்டில் ஒரு குறிப்பை எழுதிவைக்கும். அதை வலையமைப்பை இயக்குபவர்கள் படித்தாக வேண்டும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வழிப்போக்குத் துகளின் வேலை. அதே வரி எண் மறுபடியும் வந்தால் கெட்டிருப்பது சில்லு. அது இருக்கும் அட்டையைக் கழற்றி மாற்ற வேண்டியதுதான்.